ஊரணியில் ஜே.சி.பி. இறக்கும் முன் அ-பதிவேட்டைப் பாருங்கள்

பல ஊர்களில் இது ஒரே மாதிரிதான் நடக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுகிறார்கள். கோடையில் ஊரணி வற்றியதும் ஜே.சி.பி. இறங்குகிறது. மறுநாளே யாரோ புகார் கொடுக்க, வி.ஏ.ஓ. வந்து வேலையை நிறுத்துகிறார், மண் ஏற்றிய டிப்பர் தாலுகா அலுவலக வாசலுக்குப் போகிறது. "தலைவரிடம் கேட்டுவிட்டுத்தானே செய்தோம்" என்று இளைஞர்கள் நிற்கிறார்கள். நல்ல நோக்கம், கையில் பணம், ஊர் ஆதரவு எல்லாம் இருந்தும் வேலை கெடுவது இங்கேதான். தலைவர் வாய்வார்த்தையாகச் சம்மதித்தது ஊராட்சியின் அனுமதி ஆகாது. அந்த இடம் ஊராட்சியின் பொறுப்பில்தான் இருக்கிறதா என்பதை யாரும் பார்த்திருக்கவும் மாட்டார்கள்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 கிராம ஊராட்சிக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் சின்னதல்ல. பிரிவு 110 கட்டாயக் கடமைகளைச் சொல்கிறது: ஊராட்சிச் சாலைகள், சிறுபாலங்கள், குடியிருப்புப் பகுதியில் தெருவிளக்கு, வடிகால், குப்பை அகற்றுதல், பொதுக் கழிப்பறை, சுடுகாடு இடுகாடு, கிணறு, குளம், ஊரணி, குடிநீர். பிரிவு 111 விருப்ப அதிகாரங்களைச் சொல்கிறது: சாலையோரம் மரம் நடுதல், சந்தை, படிப்பகம், பூங்கா, விளையாட்டுத் திடல் போன்றவை. இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. தெருவிளக்கு எரியவில்லை என்று கேட்கும்போது நீங்கள் கடமையைக் கேட்கிறீர்கள். உடற்பயிற்சிக்கூடம் கேட்கும்போது, முடிந்தால் செய்யுங்கள் என்று கேட்கிறீர்கள். மனு எழுதும்போது எந்தப் பிரிவில் வருகிறது என்று தெரிந்து எழுதினால் பதிலின் தொனியே மாறும்.

ஆனால் பிரிவு 110-லேயே ஒரு கடிவாளம் உண்டு. ஊராட்சி தன் நிதி வரம்புக்கு உட்பட்டு, நியாயமான அளவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. "பணம் இல்லை" என்ற பதில் அங்கிருந்துதான் வருகிறது. அப்படிப் பதில் வந்தால் வாதாடுவதைவிட, ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைக் கிராம சபையில் கேட்பதே பயன் தரும். வரவு செலவையும் தணிக்கை அறிக்கையையும் கிராம சபை முன் வைப்பது சட்டப்படியான கடமை. ஊராட்சியின் வங்கிக் கணக்குகளில் முதல் கணக்கு பொது நிதி, இரண்டாவது மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் ஒதுக்கியது, மூன்றாவது திட்ட நிதி. ஊர்வேலைக்குத் தலைவரும் உறுப்பினர்களும் சுதந்திரமாகத் தொடக்கூடியது முதல் கணக்கு மட்டும்தான். பல சிறிய ஊராட்சிகளில் சம்பளம், பிளீச்சிங் பவுடர், மோட்டார் ரிப்பேர் போக அதில் மிஞ்சுவது சொற்பம்.

சரி, ஊரணிக்கு வருவோம். முதல் வேலை புல எண்ணைக் கண்டுபிடிப்பது. அரசின் நில ஆவணங்களுக்கான இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்துப் புல எண்ணைக் கொடுத்தால் அ-பதிவேட்டு விவரம் வரும். எந்தப் புல எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு அது. அதில் நிலத்தின் வகைப்பாட்டையும் குறிப்புப் பகுதியையும் பாருங்கள். "ஊரணி", "குளம்", "கண்மாய்", "ஏரி", "வாய்க்கால்", "மந்தைவெளி", "களம்", "நத்தம்", "அரசு தரிசு" என்று எது எழுதியிருக்கிறதோ அதுதான் யாரிடம் போக வேண்டும் என்பதை முடிவு செய்யும். ஊரார் எல்லோரும் ஊரணி என்று கூப்பிடும் இடம் பதிவேட்டில் கண்மாயாக இருக்கலாம். ஊரணியின் ஒரு மூலை தனியார் பட்டாவாக இருப்பதும் உண்டு. புல வரைபடத்தையும் எடுத்து, வி.ஏ.ஓ.விடமோ சர்வேயரிடமோ எல்லையைக் காட்டச் சொல்லுங்கள். அளந்து கல் ஊன்றாமல் கரை போட்டால், பக்கத்துப் பட்டாதாரர் வாங்கும் தடையாணையில் வேலை நிற்கும்.

வகைப்பாடு தெரிந்ததும் அதிகாரம் தெளிவாகும். பொதுமக்கள் குடிக்கவும் குளிக்கவும் புழங்கவும் பயன்படும் ஊரணி, குளம், கிணறு ஆகியவை ஊராட்சியைச் சேர்ந்தவை. பாசன வேலையோடு தொடர்புள்ள நீர்நிலைகள் அந்த வகையில் வராது. 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பில் இருக்கின்றன. அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. கண்மாயைத் தூர்வார ஊராட்சி மன்றம் தீர்மானம் போடலாம், ஆனால் அது வேண்டுகோள்தான், அனுமதி ஆகாது. மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, மந்தைவெளி, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகள் பிரிவு 134-ன்படி ஊராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டவை. அவற்றின் பயன்பாட்டை ஊராட்சி ஒழுங்குபடுத்தலாம், விதிகளுக்கு உட்பட்டு மரமும் நடலாம். மியாவாக்கி காடு, அதாவது மரங்களை நெருக்கமாக நட்டு உருவாக்கும் குறுங்காடு, வளர்க்க ஆசைப்படும் குழுக்களுக்கு இந்த வகை நிலம்தான் சிக்கல் குறைந்தது. மற்ற அரசுப் புறம்போக்கு என்றால் வருவாய்த் துறையின் சம்மதம் வேண்டும். மாவட்ட ஆட்சியர், ஊராட்சியைக் கலந்தாலோசித்து, ஒரு புறம்போக்கை இந்தப் பிரிவிலிருந்து விலக்கவும் முடியும் என்பதால் பழைய ஆவணத்தை மட்டும் நம்பாதீர்கள்.

அடுத்தது மண். வண்டி பிடிபடுவது பெரும்பாலும் இதனால்தான். ஊரணியை ஆழப்படுத்த அனுமதி இருப்பதும், எடுத்த மண்ணை வெளியே கொண்டுபோக அனுமதி இருப்பதும் வேறு வேறு. வண்டல் மண்ணும் சட்டப்படி சிறு கனிமம்தான். தமிழ்நாடு சிறு கனிம சலுகை விதிகள், 1959-ல் விதி 12(2) விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் இலவசமாக மண் எடுக்க வழி செய்கிறது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், வீட்டு உபயோகத்துக்கு 30 கன மீட்டர், மண்பாண்டத்துக்கு 60 கன மீட்டர். அந்த நீர்நிலை மாவட்ட அரசிதழில் அறிவிக்கப்பட்ட பட்டியலில் இருக்க வேண்டும். 2024-லிருந்து அனுமதி தரும் அதிகாரம் தாசில்தாரிடம் வந்துவிட்டதால் முன்பைவிட அலைச்சல் குறைவு.

இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். 60 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம் உள்ள ஊரணியில் சராசரியாக 1 மீட்டர் எடுத்தால் 3,000 கன மீட்டர். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். மூன்று யூனிட் டிப்பரில் ஏறக்குறைய 350 நடை. ஒரு ஏக்கர் நஞ்சைக்காரர் எடுக்கக்கூடியது ஒன்பது நடைக்குச் சற்றுக் குறைவு. ஆக, கரையைப் பலப்படுத்தியது போக மிஞ்சும் மண்ணுக்கு எத்தனை விவசாயிகள் முன்கூட்டியே மனு கொடுத்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்பது இங்கேயே தெரிந்துவிடும். இந்தக் கணக்கைப் போடாத குழு, வேலை பாதியில் இருக்கும்போது மண்ணைக் கொட்ட இடமில்லாமல் செங்கல் சூளைக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த நொடியில் அது ஊர்வேலையாக இருப்பது போய்க் கனிமத் திருட்டு வழக்காகிறது. ஜே.சி.பி. வாடகைக்கு ஈடாக மண்ணை ஓட்டுநரையே எடுத்துக்கொள்ளச் சொல்வதும் அதே குற்றம்தான். பணம் கைமாறவில்லை என்ற வாதம் எடுபடாது.

இப்போது தீர்மானம். கிராம சபைத் தீர்மானத்தையும் ஊராட்சி மன்றத் தீர்மானத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். கிராம சபை என்பது வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோரும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. கிராம வளர்ச்சித் திட்டத்துக்கு ஒப்புதல் தருவதும், பணிகளின் முன்னேற்றத்தைக் கேட்பதும் அதன் வேலை. பணம் செலவழிக்கவும் ஒப்பந்தம் போடவும் தீர்மானிப்பது தலைவரும் வார்டு உறுப்பினர்களும் அடங்கிய மன்றம். ஊர்வேலைக்கு இரண்டும் வேண்டும். முதலில் கிராம சபையில் பணி பட்டியலில் ஏற வேண்டும், பிறகு மன்றம் அந்தப் பணிக்குத் தீர்மானம் போட வேண்டும். கிராம சபைக்குக் குறைவெண் வரம்பும், அதாவது குறைந்தது இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற கணக்கும், உண்டு: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். குறைவெண் இல்லாமல் எழுதிய தீர்மானத்தைப் பின்னால் எதிர்ப்பவர்கள் சுலபமாக உடைத்துவிடுவார்கள். கையெழுத்துப் பக்கத்தை அன்றே எண்ணிப் பாருங்கள்.

தீர்மானத்தின் வாசகம் முக்கியம். "ஊரணியைத் தூர்வார மன்றம் அனுமதிக்கிறது" என்று ஒற்றை வரி எழுதினால் அது யாருக்கும் உதவாது. நல்ல தீர்மானம் இப்படி இருக்கும்: "இன்ன கிராமம், புல எண் இன்னது, அ-பதிவேட்டில் ஊரணி என வகைப்பாடு உள்ள, இந்த ஊராட்சியின் பராமரிப்பில் உள்ள நீர்நிலையைச் சராசரி 1 மீட்டர் ஆழத்துக்குத் தூர்வாரி, எடுக்கும் மண்ணைக் கொண்டு நான்கு பக்கக் கரையையும் பலப்படுத்தவும், உபரி மண்ணை உரிய அனுமதி பெற்ற விவசாயிகளுக்கு மட்டும் வழங்கவும், பணியை ஒன்றியப் பொறியாளர் தயாரிக்கும் மதிப்பீட்டின்படி இன்ன நிதியிலிருந்து மேற்கொள்ளவும், நிர்வாக அனுமதி கோரி வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பவும் மன்றம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது." புல எண், அளவு, மண், நிதி, அடுத்த நடவடிக்கை ஐந்தும் அதில் இருக்கின்றன. மினிட் புத்தகத்தில் எழுதியதும் சான்றிட்ட நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தலைவர் மாறினாலும் தீர்மானம் மாறாது.

மன்றத் தீர்மானமே முடிந்த முடிவு என்றும் நினைக்க வேண்டாம். ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சிகளுக்கு ஆய்வாளர், அதாவது மேற்பார்வை அதிகாரி, மாவட்ட ஆட்சியர். முறைப்படி நிறைவேற்றப்படாத, அதிகார வரம்பை மீறிய, அல்லது உயிருக்கோ சுகாதாரத்துக்கோ பொது அமைதிக்கோ ஆபத்தான தீர்மானத்தை அவர் அந்தச் சட்டத்தின் பிரிவு 202-ன் கீழ் நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். இரு தரப்பு சண்டை உள்ள ஊரில் மந்தைவெளியில் மண்டபம் கட்டத் தீர்மானம் போடும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும். இன்னொரு நடைமுறைத் தடை காசோலை. ஊராட்சிப் பணத்தைத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும். இருவருக்கும் ஆகாத ஊரில் வேலை முடிந்தும் பில் மாதக்கணக்கில் கிடக்கும். மிகவும் முற்றினால் அந்த அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (பி.டி.ஓ.) கொடுத்து ஆட்சியர் உத்தரவிடுகிறார். துணைத் தலைவரை ஆரம்பத்திலேயே வேலைக்குள் கொண்டுவருவது மரியாதைக்காக மட்டும் அல்ல.

பணத்துக்கு வழிகள் சில உண்டு. ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியத்தில் 2021-26 காலத்துக்கு 60 சதவீதம் கட்டுண்ட நிதி, அதாவது சொன்ன வேலைக்கு மட்டும் செலவிட வேண்டிய பணம். அதில் பாதி சுகாதாரத்துக்கு, மறுபாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்குச் செலவிடலாம், சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் கூடாது. கட்டுண்ட நிதியில் நுழைவு வளைவு கேட்டால் கிடைக்காது, ஊரணிக்கு நீர் கொண்டுவரும் வேலையை மழைநீர் சேகரிப்பாகக் கேட்டால் பேச இடம் உண்டு.

ஊரே பணம் திரட்டியிருந்தால் நமக்கு நாமே திட்டம்தான் பொருத்தம். பொதுமக்கள் பங்கு பொதுவாக மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒன்று, ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் ஐந்தில் ஒன்று. மீதியை அரசு போடும். மக்கள் பங்கு பாதி அல்லது அதற்கு மேல் என்றால் வேலையைத் தாங்களே எடுத்துச் செய்யலாம். அதற்குக் கீழ் என்றால் டெண்டர். இதில் ஊர்க்குழுக்கள் கோட்டை விடுவது வரிசையில். வேலையைத் தொடங்கி, பணத்தை ஜே.சி.பி.க்காரருக்குக் கொடுத்து முடித்துவிட்டு, "எங்கள் பங்கு இது, அரசுப் பங்கைக் கொடுங்கள்" என்று போகிறார்கள். செலவழித்துவிட்ட பணம் பங்குத் தொகையாக ஏறாது. தீர்மானம், மதிப்பீடு, பங்குத் தொகையை வரைவோலையாகக் கட்டுதல், நிர்வாக அனுமதி, அப்புறம்தான் மண்வெட்டி.

மதிப்பீடு தயாரிக்க வரும் ஓவர்சியரோடு கூடவே நில்லுங்கள். மண்வேலையின் உயிர் முன் மட்டமும் பின் மட்டமும்தான். வேலை தொடங்கும் முன் ஊரணித் தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து மட்டம் எடுத்து அளவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ஊரார் அதை எம்-புக் என்பார்கள். அசையாத ஓர் இடத்தை, அதாவது படித்துறைக் கல் அல்லது பாலத்தின் மேல்தளத்தை, அடிப்படைக் குறியாக வைத்துக்கொள்ள வேண்டும். தோண்டும்போது நடுவில் சில மண் திட்டுகளைச் சாட்சியாக விட்டுவைத்தால் எவ்வளவு ஆழம் எடுத்தோம் என்பதில் பின்னால் சர்ச்சை வராது. வேலை முடிந்து பின் மட்டம் எடுப்பதற்குள் ஒரு நல்ல மழை பெய்து ஊரணி நிறைந்துவிட்டால் அளக்க வழியில்லை, பில் அப்படியே நிற்கும். அதனால் பகுதி பகுதியாக முடித்து, முடித்த பகுதியை உடனுக்குடன் அளக்கச் சொல்ல வேண்டும்.

ஆழம் விஷயத்தில் ஆர்வக்கோளாறு வேண்டாம். ஊரணி தண்ணீரைப் பிடித்து வைப்பது அடியில் உள்ள களிமண் படிவத்தால். நாலைந்து இடத்தில் சோதனைக் குழி தோண்டிப் பார்த்து, வண்டல் எங்கே முடிகிறது, களி எங்கே தொடங்குகிறது, அதற்கடியில் மணல் எங்கே என்று தெரிந்த பிறகே ஆழத்தை முடிவு செய்ய வேண்டும். களியைக் கிழித்து மணலைத் தொட்டுவிட்டால் மார்கழிக்குள் தண்ணீர் இறங்கிவிடும், கடற்கரையோர ஊர்களில் உவர்நீர் மேலே வரவும் கூடும். வெட்டின் விளிம்புக்கும் கரையின் அடிக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும், சரிவை உயரம் ஒன்றுக்கு அகலம் ஒன்றரை அல்லது இரண்டு என்று விட வேண்டும். செங்குத்தாக வெட்டிய கரை முதல் மழையிலேயே சரிந்து, எடுத்த மண் திரும்ப உள்ளே விழும். குழந்தைகள் குளிக்க இறங்கும் இடத்தில் செங்குத்து வெட்டு உயிர் குடிக்கும். இதில் எந்தச் சமரசமும் கூடாது.

வரத்து வாய்க்கால் அடைபட்டிருந்தால் இத்தனை செய்தும் ஊரணி காய்ந்துதான் கிடக்கும். வாய்க்கால் ஆக்கிரமிப்பை ஊர் இளைஞர்கள் ஜே.சி.பி.யை விட்டு இடிக்கவே கூடாது, அது அடிதடியிலும் கிரிமினல் வழக்கிலும்தான் முடியும். நீர்வழிப் புறம்போக்கு என்றால் தாசில்தார், 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் பிரிவு 7-ல் நோட்டீஸ் கொடுத்து, பிரிவு 6-ல் உத்தரவு போட்டு அகற்ற வேண்டும். ஊராட்சி செய்ய வேண்டியது தீர்மானத்தோடும் புல வரைபடத்தோடும் அவருக்கு எழுதுவது. பஞ்சாப் கிராமக் குளம் ஒன்றின் ஆக்கிரமிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் தந்த ஜக்பால் சிங் தீர்ப்பு, கிராமப் பொது நிலங்களை மீட்கத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. மனுவில் அதைக் குறிப்பிடலாம். ஊராட்சித் தீர்மானத்தால் ஆக்கிரமிப்பு சட்டபூர்வமாகிவிடாது என்பதையும் அந்த ஆக்கிரமிப்பாளருக்குச் சொல்லலாம்.

ஊரணி தவிர மற்ற வேலைகளிலும் இதே கேள்விதான், இடம் யாருடையது. தெரு ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறைச் சாலையா என்று பார்க்காமல் வேகத்தடை போடக் கூடாது, நெடுஞ்சாலையில் ஊராட்சிக்கே அந்த அதிகாரம் இல்லை. நுழைவு வளைவுக்கும் அப்படியே. பொதுச் சாலையில் சிலை வைக்க அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் உத்தரவிட்டிருக்கிறது, அதற்குத் தீர்மானம் போடச் சொல்லித் தலைவரை நெருக்குவது வீண். தனியார் பட்டாவில் படிப்பகம் கட்டுவதானால் முதலில் ஊராட்சி பெயரில் தானப் பத்திரம் பதிவாக வேண்டும், வாய்மொழி தானத்தில் கட்டிய கட்டடம் தணிக்கையில் தடையாக எழுதப்படும். புதிய மனைப்பிரிவுகளில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதம் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரமாக ஒப்படைக்க வேண்டும். உங்கள் மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று பச்சையில் காட்டிய இடம் ஊராட்சியின் சொத்து. அதன் பத்திர எண்ணைக் கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

கடைசியாக, இப்போதுள்ள நிலை. 28 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தனி அலுவலர் உள்ள ஊராட்சியில் மன்றத்தின் அதிகாரமும் தலைவரின் அதிகாரமும் அவரிடமே இருக்கும், காசோலைக்கு இரண்டு பேரைச் சமாதானப்படுத்தும் தொல்லை இருக்காது. ஆனால் தனி அலுவலரான பி.டி.ஓ. ஒருவரே பல ஊராட்சிகளைப் பார்ப்பதால் உங்கள் ஊரணி அவர் மேசைக்கு வருவதற்கே நாளாகும். கிராம சபையும் அதன் தீர்மானமும் அப்படியே செல்லும். எனவே கிராம சபைத் தீர்மான நகல், அ-பதிவேட்டு நகல், புல வரைபடம், மண்ணுக்கு அனுமதி கேட்ட விவசாயிகள் பட்டியல், பங்குத் தொகை தர ஒப்புக்கொண்ட கடிதம் ஆகியவற்றை ஒரே கோப்பாகக் கட்டி, மண்டலத் துணை பி.டி.ஓ.விடம் நேரில் கொடுத்து, ஒப்புகையில் தேதி முத்திரை வாங்குங்கள். 30 நாளில் அசைவில்லை என்றால் 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்ட மனு: அந்தக் கோப்பு எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.